வீட்டில வடிச்ச சோள விஸ்கியில வன்னிக் கொக்டெயில் ஒண்டு: பனங்கட்டியும் புளியும் ஒத்துவருமோ?

(இணைய மன்ற இழை ஒண்டு. ஒவ்வொரு பதிவுக்கும் மேல இருக்கிறது எழுதினவரின்ர புனைபேர்.)

குளக்கட்டு (கிளிநொச்சி)

நியூசிலாந்தில இருக்கிற சொந்தக்காரர் தான் வீட்டில வடிச்ச சோள விஸ்கி ரெண்டு போத்தல் கொண்டுவந்து தந்திருக்கிறார். ஒவ்வொண்டும் 750 மி.லீ. பீப்பாயில வைக்காத வெள்ளைச் சரக்கு. போத்தலில "சோளன்" எண்டு ஒரு துண்டு ஒட்டியிருக்கு, வீரியம் (அல்ககோல் வீதம்) எழுதேல்லை.

வாற சனிக்கிழமை 15 பேருக்குக் குடுக்கவேணும். கடைச் சிரப் ஒண்டும் இல்லாமல், இஞ்ச கிடைக்கிற சாமான் மட்டும் போட்டுப் புதுசா ஒரு கொக்டெயில் கட்டுறதுதான் எண்ணம். தேசிக்காயும் சோடாவும் விட்டால் பெயின்ற் தின்னர் மாதிரி மணம் கிளம்புது. கோலா விட்டால் அந்த மணம் இல்லை, ஆனால் சோளமும் இல்லை. கையில இருக்கிறது: பனங்கட்டி, பழப்புளி, காட்டுத்தேன், வேர்க்கொம்பு (சுக்கு), பசுப்பால். பாலைப்பழக் காலம் எண்டபடியால் அதுவும் கிடைக்கும். ஷேக்கர் இல்லை. ஐஸ் பற்றியும் சொல்லுங்கோ.

மாங்குளம் சந்தி

கலக்கிறதுக்கு முதல் வீரியத்தை அளவுங்கோ. வீட்டுச் சரக்கு 40 ஆயும் இருக்கலாம், 65 ஆயும் இருக்கலாம். அது தெரியாமல் ஒரு அளவும் எழுத ஏலாது, 15 பேருக்கு ஊத்தவும் கூடாது.

அல்ககோல் மானி இருந்தால் நல்லது. ஆனால் அது 20 பாகை செல்சியசுக்குச் செய்தது. கிளிநொச்சி வெய்யிலில, 32 பாகையில வைச்சுப் பார்த்தால் உள்ளதை விட 4, 5 கூடக் காட்டும். மானி இல்லாட்டித் தராசு போதும். ஒரு வெறும் போத்தலை நிறுங்கோ. வாய் விளிம்பு மட்டும் தண்ணி விட்டு நிறுங்கோ. பிறகு அதே விளிம்புக்குச் சரக்கு விட்டு நிறுங்கோ. ரெண்டையும் ஐஸ் தண்ணிச் சட்டியில வைச்சு 20 பாகைக்குக் கொண்டுவந்த பிறகுதான் நிறுக்கவேணும். ரெண்டிலயும் வெறும் போத்தலின்ர நிறையைக் கழிச்சு, சரக்கின்ர நிறையைத் தண்ணியின்ர நிறையால பிரிக்க 0.950 வந்தால் 40%, 0.941 எண்டால் 45, 0.932 எண்டால் 50, 0.922 எண்டால் 55, 0.911 எண்டால் 60.

சின்ன மருந்துப் போத்தலில இதைச் செய்யாதேங்கோ. சமையல் தராசு ஒரு கிராம் பிழைச்சாலே 100 மி.லீ. போத்தலில 5% பிழைச்சுப்போகும். 750 மி.லீ. போத்தல் எண்டால் அதே ஒரு கிராம் பிழை ஒரு வீதத்துக்கும் குறைவு. கள்ளுக்கும் பாலுக்கும் வைச்சிருக்கிற மானிகள் இதுக்குச் சரிவராது.

அடுத்தது நஞ்சு. நெருப்பு வைச்சு நீலமா எரிஞ்சால் நல்ல சரக்கு எண்டு ஒரு கதை இருக்கு. அதை நம்பவேண்டாம். மெதனோல் எண்ட நச்சு அல்ககோல் கலந்திருந்தாலும் அப்பிடித்தான் எரியும். தானியச் சரக்கில இயற்கையா வாற மெதனோல் மிகக் குறைவு, ஏனெண்டால் அது வாறது பெக்டின் எண்ட பழப்பசைப் பொருளில இருந்து, சோளத்தில அது கொஞ்சம்தான். கூட்டமாச் சனம் செத்த சம்பவங்களில பெரும்பாலும் ஆரோ தொழிற்சாலை மெதனோலைக் கலந்திருப்பினம். வீட்டுச் சரக்கில நான் கேக்கிற கேள்வி வேற: வடிச்ச பாத்திரம் என்ன? செம்பு, துருப்பிடிக்காத உருக்கு எண்டால் சரி. பழைய வாகன ரேடியேற்றர், ஈயப் பற்றாசு வைச்ச குழாய் எண்டால் ஈயம் இறங்கியிருக்கும். அதைக் காய்ச்சியோ வடிகட்டியோ எடுக்க ஏலாது, ஊத்திவிடுறதுதான். சொந்தக்காரரிட்டக் கேட்டுப்போட்டு மிச்சத்தைப் பாருங்கோ. ஆர் வடிச்சது எண்டு தெரியாத போத்தல் எண்டால் இந்தக் கதையே வேண்டாம்.

குடிச்ச ஆருக்கும் 12, 24 மணித்தியாலம் கழிச்சுக் கண் மங்கினால், வயித்துக்குத்து, கடும் தலையிடி வந்தால் வெறி முறியட்டும் எண்டு பார்த்துக்கொண்டிருக்கவேண்டாம். 1990 அம்புலன்சைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும்.

ஒட்டுசுட்டான் தேன்

மேல சொன்னது எல்லாம் சரி எண்டு வைச்சுக்கொண்டு எழுதுறன்.

பெயின்ற் மணத்துக்குக் காரணம் எதைல் அசிற்றேற் எண்ட பொருள். வடிக்கேக்க முதல் வாற பகுதியை வடிவா வெட்டி ஒதுக்காட்டி இது கூட வரும். கெதியா ஆவியாகிற சாமான். சோடாக் குமிழி மணத்தை மூக்குக்கு ஏத்திவிடுறதால நீங்கள் செய்து பார்த்த வழி இதுக்கு ஆகவும் பிழையான வழி. சரக்கை அகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில விட்டு, துணியால மூடி, அடுப்புக்குத் தூர ஒரு நாள் வையுங்கோ. பாதி மணம் போயிடும். ஒரு நாளைக்குப் பிறகும் கண் எரியிற மாதிரி இருந்தால் அந்தச் சரக்கு கொக்டெயிலுக்கு உதவாது. (இது மணத்துக்கு மட்டும். மெதனோல் இப்பிடிப் போகாது.) ஆற வைச்சால் வீரியமும் கொஞ்சம் இறங்கும், அதால நிறுக்கிறதை இதுக்குப் பிறகு செய்யுங்கோ.

வெள்ளைச் சோள விஸ்கியின்ர குணம் என்னெண்டால், அவிச்ச சோளப் பொத்தியின்ர இனிப்பு, வெண்ணெய், கொஞ்சம் பச்சைப் புல். அமெரிக்கச் சட்டத்தில சோள விஸ்கி எண்டு சொல்லக் குறைஞ்சது 80% சோளம் வேணும், பீப்பாய் கட்டாயமில்லை. பேர்பனுக்கு 51% காணும், ஆனால் உள்ளுக்குக் கருக்கின புது ஓக் பீப்பாய் வேணும். பேர்பனில வனிலா, கருகல் இனிப்பு எல்லாம் அந்தக் கருக்கின மரத்தால வாறது. உங்கட போத்தலில அது இல்லை. அந்த இடத்தைத்தான் பனங்கட்டி நிரப்பப்போகுது. தேசிக்காயின்ர கூர்ப்புளி பச்சை மணத்தைத் தூக்கிக் காட்டும், பழப்புளி அமத்தும். அதால புளி முன்னுக்கு, தேசிக்காய் பின்னுக்கு.

முதல் சரக்கை 45% க்கு இறக்குங்கோ. கிணத்துத் தண்ணி வேண்டாம். எங்கட பக்கத்துச் சவர்த் தண்ணியில கல்சியம் கூட, கலங்கி அடியில படியும். ஆர்.ஓ. தண்ணி (உப்பு நீக்கிச் சுத்தமாக்கினது) விடுங்கோ.

பனங்கட்டிப் பாணி: 200 கிராம் பனங்கட்டி, 100 மி.லீ. தண்ணி. இளஞ்சூட்டில கரைச்சு, கொதிக்க விடாமல் இறக்கி, அரை மணித்தியாலம் அசையாமல் வைச்சு, தெளிவை மட்டும் இறுத்து எடுங்கோ. பனங்கட்டி வாற குட்டானின்ர (சின்ன ஓலைப்பெட்டி) தும்பும் சுண்ணாம்பும் அடியில நிக்கும். நல்ல பனங்கட்டியில கசப்புக் கலந்த ஒரு உவர்ப்பு இருக்கும். வெறும் இனிப்பா இருந்தால் சீனி கலந்த கட்டி, வேற குட்டான் எடுங்கோ.

புளி: கொட்டை எடுத்த பழப்புளி 100 கிராம், கொதிதண்ணி 300 மி.லீ., அரை மணித்தியாலம் ஊறவிட்டுப் பிசைஞ்சு துணியில வடியுங்கோ. 250 அளவில வரும். இரும்புச் சட்டி வேண்டாம், கறுத்துப்போகும்.

உப்புத் தண்ணி: ஆனையிறவு உப்பு 20 கிராம், தண்ணி 80 மி.லீ. சொட்டுப் போத்தலில விட்டு வையுங்கோ.

காரச்சாறு, பிற்றர்சுக்கு (கொக்டெயிலில சொட்டுச் சொட்டா விடுற கசப்புச் சாறு) பதில்: சரக்கு 50 மி.லீ. (இறக்காதது), தட்டின வேர்க்கொம்பு 5 கிராம், கறுவா ஒரு விரல் நீளம், வெள்ளைத் தோல் இல்லாமல் சீவின தோடம்பழத் தோல், கராம்பு ரெண்டு. கராம்பை அடுத்த நாள் எடுத்துப்போடுங்கோ, மற்றதுகள் நாலு நாள் கிடக்கட்டும். கராம்பை எடுக்காமல் விட்டால் பல் டொக்டரின்ர அறை மாதிரி மணக்கும்.

ஒரு கிளாசுக்கு: சரக்கு 50 மி.லீ., புளித்தண்ணி 20, தேசிக்காய்ச் சாறு 10, பனங்கட்டிப் பாணி 18 தொடக்கம் 20, உப்புத் தண்ணி 4 சொட்டு, காரச்சாறு 3 சொட்டு. மூடி இறுக்கமான ஜாம் போத்தலில பாதிக்கு ஐஸ் போட்டு 12 செக்கன் உசுப்பி, புது ஐசுக்கு மேல வடியுங்கோ. அளக்க ஊசி போடாத 10 மி.லீ. சிரிஞ்ச் காணும்.

உப்பைத் தவிர்க்காதேங்கோ. கசப்பை வெட்டிச் சோளத்தை முன்னுக்குக் கொண்டுவாறது அந்த 4 சொட்டுத்தான். "இன்னும் கொஞ்சம் இனிப்பு" எண்டு தோணினால் முதல் ஒரு சொட்டு உப்புப் போட்டுப் பாருங்கோ. காட்டுத்தேனை இதுக்குள்ள கொண்டுவரவேண்டாம், அதின்ர மணம் பனங்கட்டியோட மல்லுக்கட்டும்.

ஐஸ்: முல்லைத்தீவுப் பக்கம் மீனுக்கு விக்கிற கட்டி ஐசை வாங்கிப்போடாதேங்கோ, அது குடிக்கிற தண்ணியில செய்ததெண்டு ஒரு உத்தரவாதமும் இல்லை. சாப்பாட்டுப் பெட்டியில ஒரு லீற்றர் தண்ணி விட்டு ஒரு நாள் முழுக்க உறைய வைச்சு, கத்திப் பின்புறத்தால உடையுங்கோ. சின்னக் கட்டி இந்த வெக்கையில கிளாசுக்குப் போக முதலே நீராகும்.

வெறுந்தேத்தண்ணி

15 பேருக்கு ஜாம் போத்தல் உசுப்பினால் கை கழண்டுபோகும். மேல உள்ள அதே சுவையைப் பால் விட்டுத் தெளிய வைக்கிறது இந்த மாதிரிக் கரடுமுரடான சரக்குக்கு இன்னும் நல்லது. பால் திரையேக்க கேசின் எண்ட புரதம் தேயிலையின்ர கயர்ப்பையும் சரக்கின்ர முரட்டுத்தனத்தில கொஞ்சத்தையும் பிடிச்சுக்கொண்டு துணியில நிண்டுவிடும். கீழ வாறது தேன் நிறத்தில கண்ணாடி மாதிரி. பழைய இங்கிலாந்து முறைதான், புதுசில்லை.

ஒரு தடவைக்கு: 45% சரக்கு 750 மி.லீ., ஆறின கடும் வெறுந்தேத்தண்ணி 250, புளித்தண்ணி 200, தேசிக்காய்ச் சாறு 100, பனங்கட்டிப் பாணி 200. மொத்தம் 1500. இதுக்குப் பசுப்பால் 375 மி.லீ., காய்ச்சி ஆறினது.

பாலைப் பெரிய பாத்திரத்தில விட்டு, அதுக்கு மேல கலவையை மெல்ல ஊத்துங்கோ. கலவைக்குள்ள பாலை ஊத்தினால் புளி ஒரேயடியாத் தாக்கிப் பொடித்தயிராகும், துணி அடைக்கும். ஊத்தி முடிய ஒருக்கால் மெதுவாக் கிண்டி, பிரிட்ஜில ஒரு இரவு. அடுத்த நாள் நாலு மடிப்பு வேட்டித் துணியில வடியுங்கோ. முதல் 300 மி.லீ. கலங்கலா வரும், அதைத் திருப்பித் தயிருக்கு மேலயே ஊத்துங்கோ. உண்மையான வடி அந்தத் தயிர்தான், துணி அதைத் தாங்குது, அவ்வளவுதான். பிழியக்கூடாது. ரெண்டு, மூண்டு மணித்தியாலம் எடுக்கும், வேற வேலை பாருங்கோ.

1500 க்குக் கிட்ட மிஞ்சும். ஒரு ஆளுக்கு 100 மி.லீ., ஒரு பெரிய ஐஸ் கட்டி. தண்ணிப் பங்கு ஏற்கெனவே உள்ளுக்கு இருக்கு, உசுப்பத் தேவையில்லை. வீரியம் 18% அளவில நிக்கும். ஒரு கிளாஸ் ஒரு சின்னப் பியர் ரின்னுக்குக் கொஞ்சம் கூட. வைன் மாதிரி இலகுவா இறங்கும், அதுதான் இதில உள்ள ஆபத்து. ஆளுக்கு ரெண்டுக்கு மேல குடுக்கவேண்டாம், மோட்டச்சைக்கிள் திறப்பை முதலே வாங்கி வையுங்கோ. பால் ஒவ்வாமை உள்ள ஆக்களுக்குச் சொல்லிப்போட்டுக் குடுக்கவேணும், தெளிஞ்சாலும் பால்ப் புரதம் கொஞ்சம் கிடக்கும்.

பால்மாவில முயற்சிக்கவேண்டாம். தயிர் கட்டியா வராது.

நெறியாளர்

ஒரு குறிப்பு. நியூசிலாந்தில சொந்தப் பாவனைக்கு வடிக்கிறது 1996 இலிருந்து சட்டப்படி சரி, விக்கிறது பிழை. இலங்கையில அனுமதிப்பத்திரம் இல்லாமல் வடிக்கிறது மதுவரிக் கட்டளைச் சட்டத்தில குற்றம், அளவு எவ்வளவு சின்னனாக இருந்தாலும். ஆகவே "இஞ்சயும் சோளன் கனக்க விளையுது, எப்பிடி வடிக்கலாம்" எண்ட பதிவுகள் இந்த இழையில வந்தால் நீக்கப்படும். இந்தக் கொக்டெயிலைக் காசுக்கு விக்கவும் முடியாது. சரக்கு இல்லாத ஆக்கள் கடையில வாங்கின பனஞ்சாராயத்தில செய்யலாம். அப்பிடி எண்டால் பனங்கட்டிப் பாணியை 15 ஆகக் குறையுங்கோ.

குளக்கட்டு

நன்றி. செம்புப் பானை, உருக்குக் குழாய் எண்டு சொந்தக்காரர் சொல்லிட்டார். ஒரு நாள் ஆறவைச்சு நிறுத்தது 0.922, அதாவது 55%. 1500 மி.லீ. க்கு ஆர்.ஓ. தண்ணி 340 விட்டன். இறக்கின உடனே மெல்லிசாப் புகார் மாதிரிக் கலங்குது. பழுதோ?

மற்றது, பாலைப்பழத்தை எங்க சேர்க்கலாம்? காலமைக் கள்ளும் கருப்பநீரும் (புளிக்காத பதநீர்) கூடக் கிடைக்கும்.

ஒட்டுசுட்டான் தேன்

கலங்கல் பழுதில்லை. சோளத்தின்ர கொழுப்புச் சார்ந்த எண்ணெய்ப் பொருட்கள் 55 இல கரைஞ்சிருக்கும், தண்ணி கூடேக்க வெளிய வரும். பிரிட்ஜில ஒரு இரவு வைச்சுக் குளிரோட கோப்பி வடிதாளில விட்டால் தெளியும். பால் முறைக்கு எண்டால் அதுவும் தேவையில்லை, தயிர் பிடிச்சுக்கொள்ளும். தண்ணி விட்டு ஒரு நாளைக்குப் பிறகு சுவை பாருங்கோ, உடனே பார்த்தால் முரடாத்தான் தெரியும்.

பாலைப்பழத்தில சிக்கல் அதின்ர பால். சும்மா தின்னேக்கயே உதட்டில ஒட்டுற சாமான், சரக்கும் புளியும் பட்டால் நூல் நூலாத் திரண்டு கிளாஸ் விளிம்பில பசையாப் பிடிக்கும். நேரடியா நசிச்சுப் போடக்கூடாது. 250 கிராம் பழத்தைக் கொட்டை எடுத்து, 250 மி.லீ. தண்ணியோட கொதிக்க விடாமல் பத்து நிமிசம் சூடாக்கி, ஆறவிட்டு, பிரிட்ஜில குளிர வைச்சால் பசை மேலயும் சட்டி ஓரத்திலயும் பிடிக்கும். அதை வழிச்சுப்போட்டுத் துணியில வடியுங்கோ. இந்தச் சாறு வந்தால் பனங்கட்டிப் பாணியில 5 மி.லீ. குறைச்சு, சாறு 15 சேருங்கோ, உசுப்பிற கிளாசுக்கு மட்டும். பறிச்ச அண்டைக்கே செய்யவேணும், அடுத்த நாள் புளிச்சு நுரைக்கத் தொடங்கும். கரடிக்கு அது பரவாயில்லை.

கள்ளு: கிளாஸ் நிரம்பின பிறகு மேல 50 மி.லீ. விடலாம், உசுப்பக்கூடாது. பெயின்ற் மணம் மிச்சம் இருந்தால் விடவேண்டாம், சோடாக் கதைதான் திரும்ப நடக்கும். காலமைக் கள்ளைக் கண்ணாடிப் போத்தலில இறுக்கி மூடிப் பின்னேரம் மட்டும் வைச்சால் வெடிக்கும். புளிப்பு அப்பவும் நடந்துகொண்டுதான் இருக்கும். மூடியைத் தளர்வா விடுங்கோ.

குளக்கட்டு

பால் முறை முதல் தடவை பிழைச்சிட்டுது. ஆறு மணித்தியாலம் ஆகியும் பால் திரையேல்லை, மண்ணிறப் பால்த் தேத்தண்ணி மாதிரி நிக்குது. ஒரு மாற்றம்தான் செய்தது: வெறுந்தேத்தண்ணிக்குப் பதில் கருப்பநீர் 250 விட்டன்.

வெறுந்தேத்தண்ணி

அந்த மாற்றம்தான் காரணம். கருப்பநீர் புளிக்காமல் இருக்க முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசி இறக்கிறது. பனங்கட்டி அந்தக் கருப்பநீரில காய்ச்சினது, அதிலயும் சுண்ணாம்பு மிச்சம் கிடக்கும். ரெண்டும் சேர்ந்து உங்கட புளியைத் திண்டுபோட்டுது. பால் திரைய பி.எச். (புளிப்பு அளவு, குறையக் குறையப் புளிப்புக் கூட) 4.6 க்குக் கீழ இறங்கவேணும், நீங்கள் அதுக்கு மேல நிக்கிறீங்கள்.

ஊத்தவேண்டாம். தேசிக்காய்ச் சாறு 10 மி.லீ. விட்டு மெதுவாக் கிண்டி அஞ்சு நிமிசம் பாருங்கோ. இன்னும் திரையாட்டி இன்னொரு 10. தயிர் திரண்டு இடையில தெளிவான நீர் தெரிஞ்ச உடனே நிப்பாட்டுங்கோ. 40, 50 மட்டும் போகலாம். பிறகு பிரிட்ஜில வைச்சு வழமைபோல வடியுங்கோ. இனிப்புக் கொஞ்சம் கூட நிக்கும், கருப்பநீரும் இனிப்புத்தானே. அதைச் சமப்படுத்த உப்புத் தண்ணி லீற்றருக்கு அரைத் தேக்கரண்டி.

ரெண்டாவது தடவைக்குத் தேத்தண்ணியே விடுங்கோ. கருப்பநீர் வேணுமெண்டால் ஐஸ் கட்டியா உறைய வைச்சுக் கிளாசுக்குள்ள போடலாம். உருக உருகப் புளி இறங்கி இனிப்பு ஏறும், குடிக்கேக்க சுவை மாறிக்கொண்டு வரும்.

மாங்குளம் சந்தி

மேல விட்டுப்போச்சு: மிச்சச் சரக்கைப் பிளாஸ்ரிக் போத்தலில ஊத்தி வைக்காதேங்கோ, 45 ஓ 55 ஓ, கண்ணாடிதான். போத்தலில வீரியத்தையும் திகதியையும் எழுதுங்கோ, தண்ணி நிறத்தில இருக்கிறதால பிள்ளையள் எட்டாத இடத்தில வையுங்கோ.

கொக்டெயிலுக்குப் பேர் வைக்கேக்க தயவுசெய்து வன்னி மன்னன் பண்டாரவன்னியன் வேண்டாம். கடை, கழகம், சிலை எல்லாத்துக்கும் அந்தாளின்ர பேர் ஏற்கெனவே இருக்கு. "பொத்தி" எண்டு வையுங்கோ, காணும்.